பழமும் கிரீன் டீயும் அடுக்கடுக்காய்: வீட்டில் பபிள் டீ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடியில் மென்று சாப்பிடும் சிறு உருண்டைகளான முத்து, அதன் மேல் மஞ்சளோ சிவப்போ நிறப் பழக்கூழ், நடுவில் ஐஸ், மேலே தெளிந்த கிரீன் டீ. கண்ணாடி டம்ளரில் இந்த நிறங்கள் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்க வேண்டும், கலக்கிக் குடித்தால் ருசியும் சரியாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சாதிப்பதற்கான அளவுகளும், சொதப்பும் இடங்களும் இங்கே.

அடுக்குகள் கலக்காமல் நிற்பது எப்படி?

எல்லாம் சர்க்கரையின் வேலை. சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தியானது. அடர்த்தியானது கீழே தங்கும், லேசானது மேலே நிற்கும். கையை எவ்வளவு மெதுவாகச் சாய்த்தாலும், மேலே ஊற்றும் டீயில் கீழே இருக்கும் பழக்கூழைவிடச் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது அடிக்கு இறங்கி எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

ஆகவே முதல் விதி: இனிப்பு முழுவதையும் அடி அடுக்கில் வையுங்கள், மேலே போகும் டீயில் சர்க்கரையே போடாதீர்கள். டீயைத் தனியாகக் குடித்துப் பார்த்தால் சப்பென்று இருக்கிறதே என்று பலர் அதிலும் சர்க்கரை சேர்த்துவிடுகிறார்கள். அடுக்கு குலைவதற்கு முதல் காரணம் இதுதான். குடிப்பவர் கலக்கிய பிறகு மொத்தமாகச் சேர்ந்து வரும் இனிப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது துணை, பழக்கூழின் கெட்டித்தன்மை. மாம்பழம், ஸ்ட்ராபெரி போன்ற பழங்களின் கூழ் கெட்டியாக இருப்பதால் டீ எளிதில் அதற்குள் புகாது. வடிகட்டிய சாறாக இருந்தால் இந்த உதவி கிடைக்காது, சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது துணை, ஐஸ். ஊற்றும் டீ ஐஸில் பட்டு வேகம் குறைந்து வழிந்து இறங்கும். ஐஸ் உருகும் நீரும் லேசானது என்பதால் மேல் அடுக்கிலேயே தங்கும்.

எது கனம், எது லேசு என்று ஊற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சமையலறைத் தராசு போதும். ஓர் அளவுக் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, சரியாக 100 மி.லி. ஊற்றி எடை பாருங்கள். வெறும் நீரும் சர்க்கரை இல்லாத டீயும் 100 கிராம் காட்டும். எடையில் 10 சதவீதம் சர்க்கரை உள்ள கரைசல் ஏறக்குறைய 104 கிராம், 20 சதவீதம் உள்ளது 108, 30 சதவீதம் உள்ளது 113. சர்க்கரையும் நீரும் சம எடையில் கலந்த பாகு 123 வரை போகும்.

அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே 100 மில்லிக்கு 4 கிராம் வித்தியாசம் இருந்தால் யார் ஊற்றினாலும் நிற்கும். 2 கிராம் வித்தியாசத்திலும் நிறுத்தலாம், ஆனால் நிதானமான கை வேண்டும். மிக்ஸியில் அடித்த கூழில் காற்றுக் குமிழ்கள் சிக்கியிருக்கும், எடை குறைவாகக் காட்டும். பத்து நிமிடம் அசையாமல் வைத்து நுரை அடங்கிய பிறகு நிறுங்கள்.

தராசு இல்லையென்றால் சிறிய கிளாஸில் டீயை எடுத்து, அதில் பழக்கூழை ஒரு சொட்டு விடுங்கள். நேராக அடிக்குப் போனால் சரி. நடுவில் தயங்கி நின்றாலோ புகைபோல் கரைந்தாலோ கூழில் சர்க்கரை போதவில்லை.

ஒரு கிளாஸுக்கு அடிப்படை அளவு என்ன?

500 மி.லி. கொள்ளும் உயரமான, ஒடுக்கமான கண்ணாடி கிளாஸுக்கு:

- வேகவைத்த மரவள்ளி முத்து அல்லது அகர் முத்து 50 முதல் 60 கிராம்
- மாம்பழக் கூழ் 80 கிராம், அதில் கரைத்த சர்க்கரை 15 கிராம்
- எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி
- ஐஸ் 150 கிராம்
- குளிர்ந்த, சர்க்கரை இல்லாத கிரீன் டீ 180 மி.லி.

மாம்பழத்தோடு சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அடித்து, சல்லடையில் தேய்த்து வடித்து, குளிரூட்டுங்கள். சர்க்கரை முழுவதும் கரைந்திருக்க வேண்டும். கரையாத சர்க்கரை அடியில் மணலாகக் கிடக்குமே தவிர, கூழுக்குக் கனம் சேர்க்காது.

கிளாஸில் முதலில் முத்து, பிறகு கூழ். கூழைச் சுவரில் படாமல் நடுவில் விடுங்கள், சுவரில் ஒழுகினால் கடைசிவரை கறையாகத் தெரியும். அதன் மேல் கிளாஸின் முக்கால் உயரம் வரை ஐஸ். ஐஸ் துண்டுகளை மேலிருந்து போடாமல் கரண்டியால் இறக்குங்கள். கடைசியில் ஒரு கரண்டியைக் கவிழ்த்து ஐஸைத் தொடும்படி பிடித்து, அதன் முதுகில் டீயை நூலாக ஊற்றுங்கள். 180 மி.லி. ஊற்ற அரை நிமிடமாவது ஆக வேண்டும்.

சரியாகத்தான் ஊற்றினேன், ஆனாலும் கலங்கிவிட்டது. ஏன்?

பெரும்பாலும் டீ சூடாக இருந்திருக்கும். வெதுவெதுப்பான டீகூட ஐஸை மடமடவென்று உருக்கும், சூடும் குளிர்ச்சியும் மோதும்போது நீர் சுழன்று அடுக்கைக் கலைக்கும். கூழ், டீ இரண்டும் ஃபிரிட்ஜில் குளிர்ந்த பிறகே கையில் எடுங்கள்.

ஐஸ் குறைவாக இருந்தாலும் இதே கதிதான். இரண்டு மூன்று துண்டுகள் மிதந்தால் டீ அவற்றுக்கு நடுவே நேராகப் பாய்ந்து கூழைத் துளைத்துவிடும். ஐஸ், கூழைத் தொட்டு அடுக்காக நிற்க வேண்டும்.

மரவள்ளி முத்தைக் கழுவாமல் போட்டால் அதன் மாவுப்பசை கரைந்து, அடி அடுக்கு மங்கலாகும். ஸ்ட்ராவைச் செருகியதும் கோடு கலைவது இயல்பு, அதைத் தவிர்க்க வழியில்லை. படம் எடுக்க வேண்டுமானால் ஸ்ட்ராவை டீ ஊற்றுவதற்கு முன்பே முத்துக்குள் நிறுத்திவிடுங்கள்.

எந்த கிரீன் டீ பொருந்தும்? எப்படிப் போடுவது?

பழத்தோடு சேர மல்லிகைப்பூ வாசம் ஏற்றிய கிரீன் டீதான் எங்கள் முதல் தேர்வு. அதன் வாசம் மாம்பழம், லிச்சி, பீச், பேஷன் ஃப்ரூட் எதனோடும் சண்டை போடாது. ஜப்பானிய செஞ்சாவில் பச்சிலை வாசமும் கீரை போன்ற ருசியும் தூக்கலாக இருக்கும். கிவி, பச்சைத் திராட்சையோடு அது நன்றாக இருக்கும், மாம்பழத்தோடு ஒட்டாது. மாட்சா, இலையை மாவாக அரைத்தது. அது கலங்கலாகவே இருக்கும், தெளிந்த மேல் அடுக்கு கிடைக்காது.

இரண்டு கிளாஸுக்குத் தாராளமான அளவு: 10 கிராம் இலை, 80 டிகிரி சூட்டில் 300 மி.லி. நீர், மூன்று நிமிடம். வடித்தவுடன் 200 கிராம் ஐஸ் மேல் ஊற்றிக் கலக்கினால் ஏறக்குறைய அரை லிட்டர் டீ கிடைக்கும். பிறகு ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரட்டும். சாதாரணமாகக் குடிக்கும் டீயைவிட இது திடமாக இருக்கும், இருக்கவும் வேண்டும். பழமும் உருகும் ஐஸும் சேரும்போது திடமில்லாத டீயின் ருசி காணாமல் போய்விடும்.

கொதிக்கிற நீரைக் கிரீன் டீயில் ஊற்றக் கூடாது. துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டகின்கள், கஃபீன் ஆகியவை சூடு ஏற ஏற வேகமாக இறங்கும். இனிப்பான ருசி தரும் அமினோ அமிலங்கள் மிதமான சூட்டிலேயே இறங்கிவிடுகின்றன. வெப்பமானி இல்லாவிட்டால் மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு சாதாரண நீர் கலந்தால் 80 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். டிகாஷன் திடமாக வேண்டுமானால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள். நீட்டினால் துவர்ப்புதான் கூடும். வடிகட்டியில் இலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதும் அதே தவறு.

ஃபிரிட்ஜில் வைத்த டீ கலங்கிப் போகிறது, நிறமும் பழுப்பாகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. டீயின் பாலிஃபீனால்களும் கஃபீனும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகும்போது கலங்கல் வரும். டிகாஷன் எவ்வளவு திடமோ அவ்வளவு கலங்கும். கடின நீர் இதை இன்னும் மோசமாக்கும், சுண்ணாம்புச் சத்து குறைந்த வடிகட்டிய நீரில் போட்ட டீ தெளிவாக இருக்கும். நிறம் மாறுவது காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் ஆவதால். அரை லிட்டருக்குச் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் வெளுத்துத் தெளிந்து, பழுப்பாவதும் தள்ளிப்போகும்.

குளிர்ந்த நீரிலேயே ஊறவைக்கலாமா?

தெளிவான மேல் அடுக்குக்கு அதுதான் சிறந்த வழி. ஒரு லிட்டர் குளிர்ந்த நீருக்கு 15 கிராம் இலை போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து வடித்துவிடுங்கள். துவர்ப்பு குறைவு, கலங்கலும் குறைவு. வடித்த டீயை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஊறும் பாத்திரத்தை வெளியே வைக்க வேண்டாம், ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருக்கட்டும்.

பழ அடுக்குக்கு எந்த முத்து நல்லது?

மரவள்ளி முத்துதான் பபிள் டீயின் அடையாளம். 1980களில் தைவானில் இந்தப் பானம் பிறந்தபோதே டீயோடு சேர்ந்தது அது. ஆனால் அந்தக் கருத்த, சவ்வு போன்ற முத்து பாலோடும் கருகிய சர்க்கரை வாசத்தோடும் பொருந்துவதுபோல் பழத்தோடும் கிரீன் டீயோடும் பொருந்துவதில்லை. ஐஸ் நிறைந்த கிளாஸில் அது சீக்கிரம் விறைத்தும் போகும். தெளிந்த அடுக்குப் பானத்துக்கு அகர் முத்து அல்லது வாயில் வெடிக்கும் சாறு முத்துதான் எங்கள் பரிந்துரை. அவை குளிரில் இறுகாது, பானத்தையும் கலக்காது. மரவள்ளி முத்துதான் வேண்டுமென்றால் வெள்ளைச் சர்க்கரையில் செய்யுங்கள், வெந்த பிறகு கண்ணாடிபோல் இருக்கும்.

மரவள்ளி முத்தை வீட்டிலேயே செய்வது எப்படி?

ஐந்து கிளாஸுக்கு: மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், நீர் 60 மி.லி., சர்க்கரை 40 கிராம். கிழங்கை உலர்த்தி அப்படியே அரைத்த மாவு வேறு, கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச் வேறு. ஸ்டார்ச் தூய வெள்ளையாக, விரலில் தேய்த்தால் கறுமுறுவென்று இருக்கும். அதுதான் வேண்டும்.

நீரையும் சர்க்கரையையும் கொதிக்கவிட்டு, தீயைச் சிறிதாக்கி, 20 கிராம் ஸ்டார்ச்சைத் தூவிக் கிளறுங்கள். சில நொடிகளில் கண்ணாடிப் பசைபோல் திரளும். உடனே அடுப்பை அணைத்து மீதி 80 கிராமையும் கொட்டிக் கரண்டியால் புரட்டுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் பிசைந்தால் வழவழப்பான உருண்டையாகும்.

அதைக் கயிறாக உருட்டி, 7 மி.மீ. துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் உருட்டுங்கள். வெந்தால் உப்பும் என்பதால் இதைவிடப் பெரிதாக்க வேண்டாம். உருட்டியவற்றை ஸ்டார்ச்சில் புரட்டிப் போடுங்கள், மிச்சப் பிசைமாவை ஈரத்துணியால் மூடி வையுங்கள்.

இரண்டு லிட்டர் நீர் தளதளவென்று கொதிக்கும்போது, சல்லடையில் அதிகப்படி மாவைத் தட்டிவிட்டு முத்துகளைப் போட்டு, மிதக்கும் வரை கிளறுங்கள். மிதந்த பிறகு மிதமான தீயில் 15 முதல் 20 நிமிடம். அடுப்பை அணைத்து மூடி அதே நீரில் இன்னும் 15 முதல் 20 நிமிடம். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, 60 கிராம் சர்க்கரையும் 40 மி.லி. நீரும் காய்ச்சி ஆறவைத்த பாகில் போடுங்கள். பாகு கம்பிப்பதத்துக்குப் போகக் கூடாது, விரலில் பிசுபிசுத்தால் போதும்.

பிசையும்போது மாவு உருகி ஓடுகிறது, சில சமயம் பொடிப்பொடியாக உதிர்கிறது. எங்கே தவறு?

அழுத்தினால் கல், விட்டால் கூழ் என்று மாவு நடந்துகொண்டால் ஸ்டார்ச் வேகவே இல்லை என்று பொருள். மரவள்ளி ஸ்டார்ச் பசையாக மாற 60 முதல் 70 டிகிரி சூடாவது வேண்டும். வெதுவெதுப்பான பாகை ஊற்றினால் துகள்கள் வெறுமனே நீரில் மிதக்கும், எவ்வளவு பிசைந்தாலும் சேராது. மேலும் ஸ்டார்ச் கொட்டுவதால் பயனில்லை. அந்தக் கலவையில் இரண்டு கரண்டி எடுத்து அடுப்பில் பசையாகக் கிளறி, திரும்ப அதிலேயே சேர்த்துப் பிசைந்தால் காப்பாற்றிவிடலாம்.

உதிர்வது ஈரம் போதாததால். பாகை அதிக நேரம் கொதிக்கவிட்டிருப்பீர்கள், நீர் வற்றியிருக்கும். சுடுநீரை அரைத் தேக்கரண்டி அளவில் சேர்த்துப் பிசையுங்கள், ஒரேயடியாக ஊற்றாதீர்கள்.

மீந்த மரவள்ளி முத்தை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வெந்ததை வைக்காதீர்கள். குளிரில் ஸ்டார்ச் இழைகள் மறுபடி இறுகி, முத்து சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து விறைத்துவிடும். பாகில் போட்டு அறை வெப்பத்தில் வைத்து நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்துவதே சரி. லேசாக விறைத்திருந்தால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுக்கலாம், முதல் பதம் முழுதாகத் திரும்பாது.

வேகவைக்காத முத்தை மாவில் புரட்டி, தட்டில் பரப்பி உறையவைத்து, பையில் போட்டு ஃபிரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். வேகவைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போடுங்கள். உருகினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடையில் வாங்கிய உலர்ந்த முத்தை எப்படி வேகவைப்பது?

பொட்டலத்தில் இருக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் வேகும் வகையும் உண்டு, அரை மணி வேகவைத்து அரை மணி மூடிவைக்கும் வகையும் உண்டு. எந்த வகையானாலும் முத்தின் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு நீர் வேண்டும். நீர் நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். முன்கூட்டி ஊறவைத்தாலோ குளிர்ந்த நீரில் போட்டாலோ கரைந்து கூழாகிவிடும்.

ஜவ்வரிசியைப் பயன்படுத்தலாமா?

கடைகளில் கிடைக்கும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி அதே மரவள்ளி ஸ்டார்ச்சில் செய்ததுதான், எனவே ருசியில் இடறாது. ஆனால் அதில் மென்று சுவைக்கும் சவ்வுத்தன்மை கிடைக்காது, பிசுபிசுப்பும் அதிகம். பெரிய ரகத்தை எடுத்து, நடுப்புள்ளி மறையும் வரை வேகவைத்து, நீர் தெளியும் வரை அலசிப் போடுங்கள். மாம்பழ அடுக்கில் நன்றாகவே இருக்கும்.

அகர் முத்து செய்வது எப்படி?

அகர் அகர் என்பது கடல்பாசி. சைனா கிராஸ் என்ற பெயரிலும் விற்கிறார்கள். தூளாக வாங்கினால் அளவு தவறாது. 150 மி.லி. நீரில் 3 கிராம் தூளையும் 20 கிராம் சர்க்கரையையும் போட்டு, கிளறியபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். வெறுமனே சூடாக்கினால் அகர் கரையாது. அடுப்பிலிருந்து இறக்கி, வடிகட்டிய 100 மி.லி. பழச்சாற்றைக் கலக்குங்கள். புளிப்புச் சாற்றை அகரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அமிலம் அகரின் பிடிப்பை உடைத்துவிடும். சாறு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருந்தாலும் ஆபத்து. அகர் 35 முதல் 40 டிகிரியிலேயே உறையும், ஊற்றிய இடத்தில் கட்டி தட்டிவிடும். சாற்றை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

உயரமான கிளாஸில் வாசமில்லாத சமையல் எண்ணெயை நிரப்பி, ஃபிரீசரில் முக்கால் மணி நேரம் முன்பே வைத்திருங்கள். மூக்குள்ள பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து கலவையைச் சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விட்டால், அடிக்குப் போவதற்குள் உருண்டையாக உறைந்துவிடும். முத்து தட்டையாகவோ வால் முளைத்தோ வந்தால் எண்ணெய் போதிய குளிர்ச்சியாக இல்லை, அல்லது கிளாஸ் உயரம் போதவில்லை. வடித்து, வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசினால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். எண்ணெயை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். மூடிய டப்பாவில், லேசான பாகில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் முத்து இருக்கும்.

இவ்வளவு பாடு வேண்டாமென்றால் தட்டில் ஊற்றி உறையவைத்து 7 மி.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். வாயில் வித்தியாசம் தெரியாது.

வாயில் வெடிக்கும் முத்தை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் 0.1 கிராம் துல்லியம் காட்டும் தராசு இல்லாமல் இறங்க வேண்டாம். சோடியம் ஆல்ஜினேட் (கடல்பாசியிலிருந்து எடுக்கும், கெட்டியாக்கும் தூள்) கலந்த சாறு கால்சியம் உள்ள நீரில் விழும்போது சொட்டைச் சுற்றி மெல்லிய தோல் கட்டுகிறது, உள்ளே சாறு திரவமாகவே இருக்கிறது. 250 மி.லி. சாற்றுக்கு 2 கிராம் ஆல்ஜினேட். கை பிளெண்டரால் அடித்து, குமிழ்கள் போக ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் அரை லிட்டர் நீருக்கு உணவுத்தரக் கால்சியம் குளோரைடு 5 கிராம். அதில் சாற்றைச் சொட்டு விட்டு, ஒரு நிமிடத்துக்குள் துளைக்கரண்டியால் எடுத்து நல்ல நீரில் அலசுங்கள். அலசாவிட்டால் கசப்பு ஒட்டியிருக்கும்.

இரண்டு சிக்கல்கள் வரும். புளிப்பு மிகுந்த சாற்றில் ஆல்ஜினேட் கரையாமல் திரிந்துபோகும், சிறிதளவு சோடியம் சிட்ரேட் சேர்த்துப் புளிப்பைத் தணிக்க வேண்டும். அடுத்து, அலசிய பிறகும் உள்ளே ஏறிய கால்சியம் வேலை செய்துகொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் முத்து முழுக்க ஜெல்லியாகி வெடிக்காமல் போகும். ஆகவே பரிமாறும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். இந்த ஒரு பொருளை மட்டும் ஜாடியில் வாங்குவதில் தவறில்லை என்பது எங்கள் கருத்து. வாங்கியதைச் சூடாக்காதீர்கள், பாகை வடித்துவிட்டுப் போடுங்கள்.

எந்தப் பழங்கள் நன்றாக அமையும்? எவை தொல்லை தரும்?

மாம்பழம் மிக எளிது. ஸ்ட்ராபெரி என்றால் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை தூவி அரை மணி ஊறவைத்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நிறமும் கனமும் ஒருங்கே கிடைக்கும். பேஷன் ஃப்ரூட்டை அடிக்காமல் விதையோடு போடுங்கள், சம எடைச் சர்க்கரை தாங்கும் அளவுக்கு அது புளிப்பு. கிவியையும் மிக்ஸியில் அரைக்கக் கூடாது, விதை உடைந்தால் கசக்கும். முள்கரண்டியால் மசித்தால் போதும். சிவப்பு டிராகன் பழத்தின் நிறம் அபாரம், ருசி குறைவு. எலுமிச்சை சேர்த்துத் தூக்கிவிட வேண்டும், சூடுபடுத்தினால் நிறம் மங்கும்.

தர்பூசணி தொண்ணூறு சதவீதம் நீர். அடித்த கொஞ்ச நேரத்தில் சக்கை மேலே, நீர் கீழே என்று பிரிந்துவிடும். அடி அடுக்காக அதை நிறுத்த நிறையச் சர்க்கரை கொட்ட வேண்டியிருக்கும், ருசி கெடும். அதை ஐஸ் கட்டியாக உறையவைத்துப் பயன்படுத்துவதே நல்லது. ஆரஞ்சுச் சாறு பிழிந்து வைத்தால் சில மணி நேரத்தில் கசப்பேறும் ரகங்கள் உண்டு, பிழிந்தவுடன் ஊற்றுங்கள். அன்னாசியை அடித்தால் நுரைக்கும், வடித்து நுரை அடங்கிய பிறகு எடுங்கள்.

உறையவைத்த பழம் தாராளமாகச் சரி. உறைதலில் செல்கள் உடைந்திருப்பதால் சாறு நன்றாக இறங்கும்.

பால் அடுக்கும் சேர்க்கலாமா?

புளிப்புப் பழத்தோடு வேண்டாம். புளிப்பு ஏறி அமிலக் குறியீடு (pH) 4.6 பக்கம் இறங்கினால் பால் திரியும். எலுமிச்சையும் பேஷன் ஃப்ரூட்டும் அதைவிடப் பல மடங்கு புளிப்பு. பச்சையான கிவி, அன்னாசி, பப்பாளியில் புரதத்தை அறுக்கும் நொதிகள் உள்ளன, அவை பாலைக் கசக்கவைக்கும். ஜெலட்டின் ஜெல்லியையும் உறையவிடாது. அகர் ஜெல்லிக்கு அந்த நொதிகளால் ஒன்றும் ஆகாது.

மேலே வெள்ளை அடுக்கு வேண்டுமென்றால் சீஸ் நுரை போடுங்கள். கிரீம் சீஸ் 50 கிராமை அறை வெப்பத்தில் மென்மையாக்கி, சர்க்கரை 15 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, பால் 30 மி.லி. சேர்த்துக் குழைத்து, குளிர்ந்த விப்பிங் கிரீம் 100 மி.லி. ஊற்றி அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாபோல் விழும் பதத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டி அடித்தால் ஸ்ட்ராவில் ஏறாது, கட்டியாக நிற்கும். காற்று அடைபட்டிருப்பதால் டீயில் மிதக்கும். கொழுப்பு மிகுதி என்பதால் பழப்புளிப்பில் எளிதில் திரியாது. நான்கு கிளாஸுக்கு வரும்.

மூன்று நிறம், நீலத்தோடு வேண்டும். எப்படி?

உலர்ந்த சங்குப்பூ பத்தை 150 மி.லி. சுடுநீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடித்துக் குளிரூட்டினால் ஆழ்ந்த நீலம். இதில் சர்க்கரை வேண்டாம். நடு அடுக்குக்கு 100 மி.லி. கிரீன் டீயில் 6 கிராம் சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும். அடியில் மேலே சொன்ன மாம்பழக் கூழ். 100 மில்லிக்கு ஏறக்குறைய 112, 102, 100 கிராம் என்று எடை இறங்கும். மேல் இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு, ஐஸை நிறைய வைத்து 80 மி.லி. நீலத்தை மிக நிதானமாக விடுங்கள். நீலமும் எலுமிச்சை டீயும் சந்திக்கும் இடம் ஊதாவாகும். சங்குப்பூவின் நிறமி புளிப்பில் நிறம் மாறுவதால் வருவது அது.

சர்க்கரையைக் குறைத்தால் அடுக்கு நிற்குமா?

ஓரளவுக்கு நிற்கும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரை இருப்பது நல்லது என்கிறது. சம எடைப் பாகு 40 மில்லியிலேயே அந்த 25 கிராமும் வந்துவிடும், எனவே பாகைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். நன்றாகக் கனிந்த மாம்பழத்தில் இயற்கையாகவே 14 சதவீதம் போலச் சர்க்கரை உண்டு. கூடுதலாக எதுவும் போடாமலே கெட்டியான கூழ், நிறைய ஐஸ், சர்க்கரையில்லாத டீ என்ற வரிசையில் இரண்டு அடுக்கு நிற்கும். சர்க்கரையற்ற இனிப்பூட்டிகள் இனிக்குமே தவிர, அவற்றைப் போடும் சிறு அளவு கனம் சேர்க்காது. அவற்றைப் போட்ட சாறு டீயோடு கலந்துவிடும்.

பத்துப் பேருக்குச் செய்ய வேண்டும். எதை முன்கூட்டி முடிக்கலாம்?

முந்தைய நாளே இரண்டு லிட்டர் டீயைக் குளிர்ந்த நீரில் ஊறப்போடுங்கள், கூழையும் அகர் முத்தையும் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஐஸ் ஒன்றரைக் கிலோ கணக்கு, உருகுவதற்கும் சேர்த்து இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி முத்து என்றால் அன்றைக்கே, விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வேகவையுங்கள். அகர் முத்தும் கூழும் போட்ட கிளாஸ்களை வரிசையாகக் குளிரில் வைத்திருந்து, ஐஸும் டீயும் பரிமாறும்போது சேர்த்தால் எல்லார் கிளாஸிலும் கோடு பளிச்சென்று இருக்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

ஐந்து வயதுக்குக் கீழே முழு முத்து வேண்டாம். அகலமான ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது முத்து வேகமாக வந்து தொண்டையில் அடைக்கக்கூடும். அந்த வயதினருக்கு முத்தில்லாமல் பழக்கூழும் ஐஸும் போதும். கிரீன் டீயில் கஃபீன் உண்டு, குழந்தைகளின் கிளாஸில் அதற்குப் பதில் சங்குப்பூ நீரை ஊற்றலாம். பெரிய பிள்ளைகளுக்கு 12 மி.மீ. ஸ்ட்ரா கொடுத்து, உட்கார்ந்து, மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரா முனை கூராக இருந்தால் வெட்டிவிடுங்கள்.